ஊர் வாயும் புதுச் சந்தையும்



"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வம்பு பேசுகிறவர்களைக் கண்டு சலித்துப்போய்ச் சொல்கிற பேச்சு அது. ஆனால் ஊர் வாயை மூடவே கூடாத சமயங்களும் இருக்கின்றன. பட்டணத்தில் பழைய சந்தையை எடுத்துவிட்டு, புதிய கட்டடத்துக்குள் சந்தையைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று செய்தி வருகிறதே, அது அப்படிப்பட்ட ஒரு சமயம். அன்றைக்கு ஊரார் எல்லாரும் பேச வேண்டும். பேசினால் மட்டும் போதாது. எதைப் பேசுவது, யாரிடம் பேசுவது, எப்போது பேசுவது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்றைய பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

"சந்தையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? போனோம், வாங்கினோம், வந்தோம்!" என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல. தோட்டப்புற மக்களாகிய நமக்குச் சந்தை என்பது என்னவாக இருந்தது என்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

தோட்டத்தில் ஒரே ஒரு கடை இருந்த காலம் நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான். கையில் காசு இல்லாவிட்டாலும் சாமான் கிடைக்கும். கடைக்காரர் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் அந்தப் புத்தகம் திறக்கும். அந்தக் கடை இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது என்பது உண்மை. ஆனால் கடன் வைத்திருக்கிற கடையில் நின்று, "ஏன் இந்த விலை?" என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

சம்பளம் வாங்கிய பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறிப் பட்டணத்துச் சந்தைக்குப் போவோம். அங்கே பத்துக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு கடையில் விலை கேட்டு, அடுத்த கடையிலும் கேட்டு, மீண்டும் முதல் கடைக்கே வந்து பேரம் பேசலாம். பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடலாம். யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்ல. விலை கேட்பதற்கு நமக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் சந்தை என்றால் அது மிகையாகாது.

வாங்குவதற்கு மட்டுமா போனோம்? லயத்துக்குப் பின்னால் வளர்த்த முருங்கைக் கீரை, கறிவேப்பிலை, வாழை இலை, நாட்டுக்கோழி முட்டை ஆகியவற்றைக் கூடையில் வைத்துக்கொண்டுபோய், சந்தை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து விற்ற தாய்மார்களும் நம்மிடையே உண்டு. பால்மரம் வெட்டிய கூலிக்கு மேல் அவர்கள் சொந்தக் கையால் சேர்த்த சில வெள்ளிகள் அவை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகமும் சப்பாத்தும் அந்தச் சில வெள்ளிகளில் வந்தன.

நம் மொழிக்கும் சந்தைக்கும் பழைய உறவு உண்டு. மதுரையில் பகலில் கூடிய சந்தையை நாளங்காடி என்றும், இரவில் கூடிய சந்தையை அல்லங்காடி என்றும் மதுரைக் காஞ்சி கூறுகிறது. இங்கே மலாய் மொழியில் வழங்கும் 'கெடை' என்னும் சொல்லும் நம்முடைய 'கடை' என்னும் சொல்லிலிருந்து போனதுதான். ஆகவே, சந்தை எங்கே இருக்க வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று கருத்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லாமல் போகுமா?

சரி, சந்தையை ஏன் இடம் மாற்றுகிறார்கள்? நகராட்சியின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் பார்ப்போம். பழைய சந்தைகளில் மீன் கழுவிய தண்ணீர் நடைபாதையில் ஓடும். கால்வாய் அடைத்துக்கொள்ளும். ஈயும் எலியும் பெருகும். தெருவோரத்தில் உணவு விற்கிறவருக்குக் குழாய்த் தண்ணீர் இராது. ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டுகளையும் கழுவ வேண்டியிருக்கும். காலராவும் வயிற்றுக் கடுப்பும் இப்படித்தான் பரவுகின்றன. பழைய மின்கம்பிகளால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே நல்ல கூரை, சிமெண்டுத் தரை, குழாய், கால்வாய், கழிவறை ஆகிய வசதிகளுடன் சந்தை அமைய வேண்டும் என்று சுகாதார அதிகாரி சொன்னால், அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் இந்த வேலையை மிகப் பெரிய அளவில் செய்தார்கள். 1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் இருந்த தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தார்கள். 1971 தொடங்கி 1986 வரையில் அவர்களைப் படிப்படியாகச் சந்தைக் கட்டடங்களுக்கும் உணவங்காடி நிலையங்களுக்கும் மாற்றினார்கள். அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. தெருவிலிருந்து கட்டடத்துக்குள் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்று நாம் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

ஆனால் எல்லாக் கட்டடமும் சந்தை ஆகிவிடுமா? இதை விளங்கிக்கொள்ள இரண்டு சந்தைகளின் கதையைப் பார்ப்போம். ஒன்று சிங்கப்பூரின் தேக்கா. மற்றொன்று கோலாலம்பூரின் பழைய பெரிய பசார். இரண்டும் நம் மக்கள் கால் பட்ட இடங்கள். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போனவர்கள் தேக்காவை அறிவார்கள். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் வந்து, 1873ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டவர்கள், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பசாரையும் அறிவார்கள்.

முதலில் தேக்கா. சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில், ரோச்சோர் கால்வாய்க்கு அருகில் உள்ள இடம் அது. கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருந்ததால், 'சிறு மூங்கிலின் அடி' என்னும் பொருளில் ஹொக்கியன் சீனர்கள் வைத்த பெயரே தேக்கா ஆயிற்று. அந்தப் பக்கத்தில் மாட்டு வியாபாரம் நடந்தது. எருமைகளைக் கட்டிவைத்த இடம் என்பதால் மலாய்க்காரர்கள் அதைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றார்கள். எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. மாடு விற்ற இடத்தைச் சுற்றித் தமிழரின் பால் தொழில், இறைச்சிக் கடை, மளிகைக் கடை, பூக்கடை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

1915ஆம் ஆண்டில் அங்கே ஒரு சந்தைக் கட்டடம் எழுந்தது. ஆட்டிறைச்சியும் மீனும் காய்கறியும் அங்கே கிடைத்தன. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டிருந்தனர். அந்தச் சந்தை 67 ஆண்டுகள் நின்றது. 1982ஆம் ஆண்டில் சாலைக்கு எதிர்ப்புறம், பஃபலோ சாலைப் பக்கத்தில், வீடமைப்புக் கழகம் புதிய சந்தை நிலையத்தைக் கட்டி முடித்தது. கீழ்த்தளத்தில் ஈரச் சந்தையும் உணவுக் கடைகளும். மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையல் கடைகளும். கூடவே அடுக்குமாடி வீடுகள். வியாபாரிகள் சாலையைக் கடந்து புதிய இடத்துக்குப் போனார்கள். பழைய கட்டடம் இடிக்கப்பட்டது.

இப்படி ஒரு மாற்றம் வரும்போது எந்த ஊரிலும் சில குரல்கள் எழும். அவற்றை வரிசையாகக் கேட்டுப் பார்ப்போம்.

வாங்க வருகிறவர் ஒருவர், "அப்பாடா, இனிமேல் சேற்றில் மிதிக்க வேண்டாம். மழை பெய்தாலும் நனையாமல் சாமான் வாங்கலாம்" என்பார். இது நியாயமான மகிழ்ச்சி.

இன்னொருவர், "விலை ஏறிவிடுமே!" என்பார். இதுவும் நியாயமான அச்சம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 50 கட்டுக் கீரை விற்கிற ஓர் அம்மாவுக்கு, புதிய கடையில் நாளொன்றுக்கு 10 வெள்ளி வாடகை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 வெள்ளியை 50 கட்டுகளில் பங்கிட்டால், கட்டுக்கு 20 காசு. அந்த 20 காசை அவர் விலையில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தம் வீட்டுச் சோற்றிலிருந்து எடுக்க வேண்டும். கட்டடத்தின் பளிங்குத் தரைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

வியாபாரி ஒருவர், "எனக்கு மாடியில் கடை கொடுத்துவிட்டார்களே!" என்று வருந்துவார். இதிலும் உண்மை இருக்கிறது. கனத்த கூடையைக் கையில் வைத்திருப்பவர் இரண்டு முட்டைக்காகப் படியேறி வரமாட்டார். துணி வாங்குவதற்கு மாடி ஏறுவார்கள். கத்திரிக்காய் வாங்குவதற்கு ஏறமாட்டார்கள். ஆகவே எந்தச் சரக்கு எந்தத் தளத்தில் என்பது வியாபாரிக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி.

சுற்றுவட்டாரக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர், "சந்தை நகர்ந்தால் எங்கள் கதி என்ன?" என்று கேட்பார். இவருடைய கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. காலையில் மீன் வாங்க வருகிறவர்தான் அப்படியே வளையல் கடைக்கும், நாட்டு மருந்துக் கடைக்கும், நகைக் கடைக்கும், கோப்பிக் கடைக்கும் போகிறார். சந்தை என்பது பட்டணத்தின் வயிறு. கடைத்தெரு அதைச் சுற்றிய உடம்பு. சந்தையைப் பெயர்த்து ஊருக்கு வெளியே வைத்துவிட்டால், கடைத்தெருவுக்கு ஆள் வருவது குறையும். 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்தைத் திட்டமிட்டபோது, கடைகளின் முன்னால் மக்கள் நடந்துபோகக் கூரையிட்ட பாதை இருக்க வேண்டும் என்று விதித்தார். அதுதான் நாம் சொல்லும் அஞ்சடி. வெயிலும் மழையும் படாமல் கடை கடையாக நடந்து போகும்படி பட்டணம் அமைந்தது இப்படித்தான். நடக்கிறவர்கள் இருந்தால்தான் அஞ்சடிக்கு உயிர்.

கடைசியாக ஒரு குரல் உண்டு. அது மிக மெல்லிய குரல். சந்தை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கறிவேப்பிலைக்காரப் பாட்டியின் குரல். புதிய கட்டடத்தில் யாருக்குக் கடை? பதிவில் பெயர் இருப்பவருக்கு; உரிமம் வைத்திருப்பவருக்கு. பாட்டியிடம் இரண்டும் இல்லை. கணக்கெடுக்க வருகிற அதிகாரியின் தாளில் அவருக்கு இடமே இல்லை. அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவும் மாட்டார். ஒருநாள் வந்து பார்ப்பார். தாம் உட்கார்ந்த இடத்தில் தகர வேலி இருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப்போவார். நேயர்களே, புதிய சந்தையைப் பற்றிய கருத்துகளில் நாம் முதலில் சேர்க்க வேண்டிய கருத்து இந்தப் பாட்டியினுடையது.

தேக்காவுக்குத் திரும்புவோம். அங்கே புதிய கட்டடத்துக்குச் சீன மொழியின் மாண்டரின் உச்சரிப்பில் 'சூஜியாவ் நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். அது 'தேக்கா' என்பதையே வேறு ஒலியில் சொல்வதுதான். ஆனால் ஊர் மக்களின் நாக்குக்கு அந்தப் பெயர் பழகவில்லை. பலகையில் ஒரு பெயர், பேச்சில் ஒரு பெயர் என்று ஆண்டுகள் ஓடின. பஸ்ஸில் ஏறுகிறவர் "தேக்கா" என்றார். ஆட்டிறைச்சி வாங்கப் போகிறவர் "தேக்கா" என்றார். இறுதியில் 2000ஆம் ஆண்டில் பலகையையே மாற்றி 'தேக்கா நிலையம்' என்று எழுதினார்கள். ஊர் வாய் வென்றது! கூச்சல் போட்டு வெல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகள் விடாமல் ஒரே பெயரைச் சொல்லிச் சொல்லி வென்றது.

சந்தையும் வென்றது. கட்டடம் புதிதானாலும் அதே சரக்கு, அதே மக்கள், அதே பேரம் சாலையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. பஃபலோ சாலைப் பூக்கடைகளும் காய்கறிக் கடைகளும் பக்கத்திலேயே இருந்தன. சுற்றியிருந்த பழைய கடைவீடுகளை 1989ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். 2023ஆம் ஆண்டில் பழுதுபார்ப்புக்காகத் தேக்கா நிலையத்தை மூன்று மாதம் மூடினார்கள். திறந்ததும் வியாபாரிகளும் வந்தார்கள்; வாங்குகிறவர்களும் வந்தார்கள்.

இனி, பழைய சந்தை இடிக்கப்பட்ட இடம் என்னவாயிற்று என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் அங்கே குளிர்சாதன வசதியுள்ள நவீன வணிக வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பக்கத்திலேயே ரயில் நிலையமும் வந்தது. வளாகத்துக்குத் தேக்கா என்னும் பெயரையே முதலில் வைத்தார்கள். பிறகு வேறு பெயர் வைத்தார்கள். 2017ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதன்பின் அதை எடுத்துவிட்டு வேறொரு கட்டடம் கட்டினார்கள். பழைய சந்தை நின்றது 67 ஆண்டுகள். அதே மண்ணில் எழுந்த வணிக வளாகம் நின்றது 14 ஆண்டுகள். இடம் ஒன்றுதான், குளிர்ச்சியும் வெளிச்சமும் கூடுதல்தான். ஆனால் நாள்தோறும் வந்தே தீர வேண்டிய காரணம் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மீனும் கீரையும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் கால்கள் போகும்.

இப்போது கோலாலம்பூருக்கு வருவோம். கிள்ளான் ஆற்றங்கரையில் 1888ஆம் ஆண்டு முதல் ஒரு சந்தை இருந்தது. ஈயச் சுரங்கத் தொழிலாளரும் பட்டணத்து மக்களும் மீன், இறைச்சி, காய்கறி வாங்கிய இடம் அது. இன்று நாம் காணும் நீண்ட, அழகிய கட்டடம் 1937ஆம் ஆண்டினது. பெரிய பசார் என்று மக்கள் அதை அழைத்தார்கள். 1980களில் அதை இடித்துவிட்டு அந்த இடத்தை வேறு வகையில் வளர்க்கலாம் என்னும் யோசனை எழுந்தது. அப்போது மரபுரிமை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். "இது நகரத்தின் வரலாறு, இதை இடிக்கக் கூடாது" என்றார்கள். அந்தக் குரல் கேட்கப்பட்டது. கட்டடம் பிழைத்தது. 1986ஆம் ஆண்டில் கைவினைப் பொருள்களும் கலைப் பொருள்களும் விற்கும் நிலையமாக அது மீண்டும் திறக்கப்பட்டது. 'பசார் செனி', அதாவது கலைச் சந்தை என்று அதற்குப் பெயர். பாத்தேக் துணி, ஓவியம், பொம்மை வாங்க வெளியூர்க்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள்.

அது ஒரு நல்ல முடிவுதான். நகரத்தின் அடையாளம் ஒன்று காப்பாற்றப்பட்டது. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மீன் விற்றவரும் கோழி விற்றவரும் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கூரையின் கீழ் இன்று ஒரு கட்டுக் கீரை வாங்க முடியாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தேக்காவில் கட்டடம் போயிற்று, சந்தை பிழைத்தது. கோலாலம்பூரில் கட்டடம் பிழைத்தது, சந்தை போயிற்று. ஓர் ஊரில் மக்கள் கட்டடத்தைப் பற்றிப் பேசினார்கள், கட்டடம் கிடைத்தது. நமக்கு வேண்டியது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. "சந்தையைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால், கேட்கிறவர் சுவரைக் காப்பாற்றிவிட்டுப் போகலாம். "கீரை விற்கிறவரும், ஐந்து வெள்ளியோடு வருகிறவரும் தொடர்ந்து நிற்கும்படி ஓர் இடம் வேண்டும்" என்று சொன்னால்தான் சந்தையைக் கேட்டதாகும்.

"இப்போதெல்லாம் பேரங்காடிகள் வந்துவிட்டனவே, சந்தை எதற்கு?" என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். பேரங்காடியில் விலை எழுதி ஒட்டியிருக்கும், ஏமாற்றுவது குறைவு. குளிர்ச்சியாக இருக்கும். அதை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஐம்பது காசுக்குக் கறிவேப்பிலை கேட்க முடியுமா? கால் தேங்காய் கேட்க முடியுமா? "நாளைக்குக் கொடுக்கிறேன், அண்ணே" என்று சொல்ல முடியுமா? நம் கொல்லைக் கீரையை அங்கே கொண்டுபோய் விற்க முடியுமா? பேரங்காடி நம்மை வாங்குகிறவராக மட்டுமே பார்க்கும். சந்தை நம்மை விற்கிறவராகவும் ஏற்றுக்கொள்ளும். இந்த வேறுபாடு பெரிது.

1980, 1990களில் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். லயமும் கொல்லையும் போன பிறகு, இடியப்பம் சுட்டு, வடை சுட்டு, பூக்கட்டி விற்றுத்தான் பல தாய்மார்கள் குடும்பத்தைத் தாங்கினார்கள். அவர்களுக்குச் சந்தையில் ஓர் இரண்டடி இடம் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

ஆகவே, உங்கள் ஊரில் புதிய சந்தை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் என்ன கேட்க வேண்டும்? ஐந்து கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இப்போது விற்கிற எல்லாருக்கும் புதிய இடத்தில் கடை உண்டா? வாசலில் உட்காருகிறவர்களையும் கணக்கில் சேர்த்தார்களா?

இரண்டு: வாடகை எவ்வளவு? எத்தனை ஆண்டுக்கு அதை ஏற்றமாட்டார்கள்?

மூன்று: ஈரச் சரக்கு கீழ்த்தளத்தில் இருக்குமா? வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் சிரமம் இல்லாமல் உள்ளே வர முடியுமா?

நான்கு: பஸ் எங்கே நிற்கும்? தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருகிறவர் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? கார் நிறுத்த இடம் எவ்வளவு என்று கேட்கப் பலர் இருப்பார்கள். பஸ்ஸைப் பற்றிக் கேட்க நாம்தான் இருக்கிறோம்.

ஐந்து: கட்டி முடிக்கும் வரை வியாபாரிகள் எங்கே விற்பார்கள்? ஓர் ஆண்டு இடைவெளி விழுந்தால் வாடிக்கையாளர்கள் வேறு பக்கம் போய்ப் பழகிவிடுவார்கள். பிறகு தங்கத்தால் கூரை போட்டாலும் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

கேள்வி இருந்தால் போதுமா? கேட்கிற இடமும் நேரமும் தெரிய வேண்டும். மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. ஓர் இடத்தில் என்ன வரலாம் என்பதைக் காட்டும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்றும் அச்சட்டம் சொல்கிறது. இந்த அறிவிப்பு வரும் நேரத்தில் நாம் தூங்கிவிடுகிறோம். அடித்தளம் தோண்டிய பிறகு கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஆத்திரப்படுகிறோம். அந்த ஆத்திரத்தால் ஒரு செங்கல்லும் நகராது.

எனவே மூன்று காரியங்களைச் செய்வோம். நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகையையும் நாளிதழ் அறிவிப்பையும் படிக்கிற பழக்கத்தை, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் துணையோடு ஏற்படுத்திக்கொள்வோம். இரண்டாவதாக, கருத்தைத் தனித்தனியாகப் புலம்பாமல், கோயில் குழு, மாதர் பிரிவு, தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றின் வழியாகக் கூடி, ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதமாக எழுதுவோம். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். "இந்தச் சந்தைக்கு இத்தனை பேர் பஸ்ஸில் வருகிறோம்; இத்தனை பேர் வாசலில் விற்கிறோம்; எங்களுக்கு இன்னது வேண்டும்" என்று எண்ணிக்கையோடு எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவதாக, நம்மில் சிறு வியாபாரம் செய்கிறவர்கள், நகராண்மைக் கழகத்தில் விசாரித்து, தற்காலிக உரிமமாக இருந்தாலும் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் முதலில் பதிவு, பிறகுதான் கடை. இங்கும் அப்படித்தான். பதிவில் பெயர் இல்லாதவருக்காக யாரும் கடை கட்டமாட்டார்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை, எழுதத் தெரியாத பாட்டியை ஒரு நாள் காலையில் அந்த அலுவலகத்துக்கு அழைத்துப்போனால், அது பெரிய உபகாரம்.

புதிய கட்டடம் திறந்த பிறகும் நம் கருத்துக்கு வேலை உண்டு. அதை அப்போது வாயால் சொல்வதைவிடக் காலால் சொல்கிறோம். நம் அண்டை வீட்டு அம்மாவுக்கு உள்ளே ஒரு மூலையில் கடை கிடைத்திருக்கலாம். முதல் சில மாதங்கள் அவருக்குச் சோதனைக் காலம். வாசலிலேயே வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், நான்கு அடி கூட நடந்து அந்த மூலைக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்குவோம். புதிய சந்தை நல்லதா கெட்டதா என்று ஊர் சொல்லும் தீர்ப்பு அப்படித்தான் எழுதப்படுகிறது.

கூரை போடுவது நகராண்மைக் கழகத்தின் வேலை. அதன் கீழ் யார் நிற்கலாம் என்று வேலி போடுவதற்கு முன்பே கேட்பது நம் வேலை. அந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால், கறிவேப்பிலைக்காரப் பாட்டிக்காகக் கேட்பதற்கு வேறு யாரும் வரமாட்டார்கள்.

இதை உங்கள் வீட்டிலும், கோயில் திண்ணையிலும், வேலைத் தலத்திலும் பேசுங்கள். ஊர் வாய் நல்லதற்குத் திறக்கட்டும்.